ரம்மி நின்ற பிறகு போனில் எந்தச் சீட்டு விளையாட்டு?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "சின்ன வயதிலிருந்து சீட்டு ஆடுகிறேன். வீட்டில் 304, ரம்மி. அப்புறம் போனில் பணம் வைத்த ரம்மி. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்ததும் அந்தச் செயலி பண ஆட்டத்தை நிறுத்திவிட்டது. திரும்பப் பணம் வைத்து ஆட எனக்கும் மனமில்லை. ஆனால் ரயிலில் போகவர ஒன்றரை மணி நேரம் கை சும்மா இருக்கிறது. புதிதாக ஒரு டிஜிட்டல் சீட்டு விளையாட்டு சொல்லுங்கள். ரெண்டு மூன்று இறக்கிப் பார்த்தேன், நூற்றுக்கணக்கில் சீட்டைக் காட்டி மிரட்டுகின்றன. எதிலிருந்து தொடங்குவது?"

நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு பலாட்ரோ. அதை ஒரு மாதம் ஆடுங்கள். பிறகு ஸ்லே தி ஸ்பையர். எதிரே ஆள் இருந்தால்தான் அது சீட்டு என்று தோன்றினால் மார்வெல் ஸ்னாப், கொஞ்சம் எச்சரிக்கையோடு. வீட்டு ஆட்களோடு ஆட வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த விளையாட்டுகளை ஆடிவருகிறேன். புது விளையாட்டை எடை போட எனக்கு உதவிய அளவுகோல் ஒன்றுதான்: தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள். தோற்றதும் "இந்த இடத்தில்தான் தப்பு" என்று ஒரு சீட்டைக் கைநீட்டிக் காட்ட முடிகிறதா? ரம்மியில் ஃபுல், அதாவது முழுப் புள்ளியும் வாங்கித் தோற்ற பிறகு மனசு தானாகவே பின்னால் போகும். லைஃப் (ஜோக்கர் இல்லாத வரிசை) சேராத கையில் ராஜாவையும் ராணியையும் எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தேன், முந்தின ஆள் போட்ட எட்டை எடுத்திருக்கலாமே என்று. அந்த யோசனைதான் அடுத்த கையைப் பிரிக்க வைக்கிறது. அதற்கு மாறாக, "அவரிடம் இருக்கும் சீட்டு என்னிடம் இல்லை, அதனால் தோற்றேன்" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் பதில் என்றால், அந்த விளையாட்டு உங்களை யோசிக்கக் கூப்பிடவில்லை, கடைக்குக் கூப்பிடுகிறது. பத்து ஆட்டம் தோற்றுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

நீங்கள் மிரண்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. டிஜிட்டல் சீட்டு விளையாட்டுகளில் ரெண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. முதல் குடும்பத்தில் ஆடப்போகும் சீட்டுக்கட்டை முன்னாடியே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மேஜிக்: தி கேதரிங் இதற்கு மூத்தது, ஹார்த்ஸ்டோன், யு-கி-ஓ மாஸ்டர் டூயல், போக்கிமான் எல்லாம் இந்தப் பக்கம்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே ஆயிரக்கணக்கான சீட்டில் எது நல்லது என்று தெரிந்திருக்க வேண்டும், அது உங்களிடம் இருக்கவும் வேண்டும். இரண்டாவது குடும்பத்தில் எல்லாரும் ஒரு சின்னக் கட்டோடு தொடங்கி, ஆடிக்கொண்டே சீட்டைச் சேர்ப்பார்கள், கழிப்பார்கள். 2008இல் வந்த டொமினியன் என்ற மேசை விளையாட்டு இந்த வழியைப் பிரபலமாக்கியது. நீங்கள் இறக்கிப் பார்த்தவை முதல் குடும்பமாக இருந்திருக்கும். உங்களுக்கு இரண்டாவது குடும்பம்தான் சரிப்படும்.

சரி, பலாட்ரோ. 2024 பிப்ரவரியில் வந்தது, அதே வருஷம் செப்டம்பரில் போனுக்கும் வந்துவிட்டது. செய்தவர் கனடாவைச் சேர்ந்த ஒரே ஒரு ஆள். லோக்கல்தங்க் என்ற புனைபெயரிலேயே இருக்கிறார். அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த சுயாதீன விளையாட்டு, சிறந்த மொபைல் விளையாட்டு உட்பட மூன்று விருது வாங்கியது. உங்களுக்கு இதில் முதல் வசதி, புதுச் சீட்டு எதையும் படிக்க வேண்டாம். நமக்குத் தெரிந்த 52 சீட்டுதான். ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேட். கையில் 8 சீட்டு வரும். அதில் அதிகபட்சம் 5 சீட்டை இறக்கலாம், அல்லது 5 வரை கழித்துவிட்டுப் புதிது எடுக்கலாம். முதலில் கிடைக்கும் சிவப்புச் சீட்டுக்கட்டில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை இறக்கலாம், நான்கு முறை கழிக்கலாம். அதற்குள் குறிப்பிட்ட புள்ளியை எடுக்க வேண்டும், அதுதான் தடை. மூன்று தடை சேர்ந்தது ஒரு கட்டம். எதிரே ஆள் கிடையாது.

புள்ளி எப்படி வருகிறது என்று ஒரு கையை வைத்துப் பார்த்துவிடுவோம். ஒரு ஜோடி ராஜா இறக்கினால், ஜோடிக்கு அடிப்படை 10, ராஜா ஒவ்வொன்றுக்கும் 10, ஆக 30. ஜோடியின் பெருக்கல் 2. மொத்தம் 60. ஒரே இனத்தில் 5 சீட்டு சேர்ந்தால் ஃப்ளஷ். அதற்கு அடிப்படை 35, பெருக்கல் 4. ஆட்டினில் ஆஸ், ராஜா, ஒன்பது, ஏழு, நாலு இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11, 10, 9, 7, 4 சேர்ந்து 41. அதோடு 35 கூட்டினால் 76. நான்கால் பெருக்கினால் 304. முதல் தடையைத் தாண்ட 300 வேண்டும். ஒரே இறக்கில் தாண்டிவிட்டீர்கள்.

304 ஆடியவருக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே ஏதோ செய்யும். நம் ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. அதே 76, அதே நாலு. தற்செயல்தான். ஆனாலும் முதல் முறை அந்த எண் போன் திரையில் எரிந்தபோது, ஊரில் பாயை விரித்து உட்கார்ந்து சீட்டு எண்ணிய ராத்திரிகள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டன.

அப்புறம் ஜோக்கர். ரம்மியில் ஜோக்கர் என்றால் இல்லாத சீட்டின் இடத்தை நிரப்பும் சீட்டு. இங்கே ஜோக்கர் கைக்கே வராது. மேசையின் மேல்வரிசையில் உட்கார்ந்துகொண்டு கணக்கையே மாற்றும். மொத்தம் 150 ஜோக்கர்கள். சாதாரணமாக ஒரு நேரத்தில் ஐந்துக்குத்தான் இடம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு வரும் கடையில், ஆட்டத்துக்குள் சம்பாதித்த காசைக் கொடுத்து வாங்க வேண்டும். ஒன்று பெருக்கலில் 4 கூட்டும், இன்னொன்று பெருக்கலை இரட்டிப்பாக்கும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஃப்ளஷில் பெருக்கல் 4. கூட்டுகிற ஜோக்கர் இடப்பக்கம் இருந்தால் 4+4=8, அதன் இரட்டிப்பு 16; கைக்கு 1,216 புள்ளி. ரெண்டையும் இடம் மாற்றி வைத்தால் 4×2=8, அதில் 4 கூட்டினால் 12; கைக்கு 912 புள்ளிதான். அதே சீட்டு, அதே ஜோக்கர், இடம் மாறியதில் 304 புள்ளி போய்விட்டது. மறுபடியும் அதே எண்! விரலால் இழுத்து இடம் மாற்றலாம் என்பது பல பேருக்குப் பத்துப் பதினைந்து ஆட்டம் கழித்துத்தான் தெரிகிறது. நீங்கள் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் முதல் நாளே தெரிந்திருக்கட்டும். கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி வரும், 25 டாலர் வரைக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் கடைக்குள் போனதும் கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடுவார்கள். முதலில் உதவுகிற ஒரு ஜோக்கரை வாங்கிவிட்டு, 25 சேரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். நடுவில் வரும் தடைகள் எவ்வளவு சுலபமாகின்றன என்று பாருங்கள். 300இல் தொடங்கும் தேவை, எட்டாவது கட்டத்தின் கடைசித் தடையில் வழக்கமாக ஒரு லட்சத்தில் போய் நிற்கும். அங்கே போய்ச் சேர வட்டிதான் வண்டி.

இப்போது நான் தோற்ற ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் இந்த விளையாட்டின் அருமை இருக்கிறது. கட்டு முழுக்க ஆட்டினாக மாற்றிக்கொண்டே வந்தேன். சீட்டின் இனத்தை மாற்றும் அட்டைகள் கடையில் கிடைக்கும். 'தி சன்' என்ற அட்டை மூன்று சீட்டு வரை ஆட்டினாக்கும். ஜோக்கர்களும் ஆட்டினுக்குப் பலன் தருபவை. ஏழாவது கட்டம் வரை தடையே தெரியவில்லை. அந்தக் கட்டத்தின் மூன்றாவது தடை 'தி ஹெட்'. அதன் விதி: ஆட்டின் சீட்டுக்கு மதிப்பு கிடையாது. ஐந்து ஆட்டின் இறக்கினால் ஃப்ளஷ் என்று ஒத்துக்கொள்ளும், ஆனால் சீட்டின் புள்ளியும் வராது, அதை நம்பி உட்கார்ந்திருந்த ஜோக்கரும் அசையாது. நான்கு கையும் இறக்கி, தேவையில் கால்வாசிகூட வரவில்லை.

அன்று ரயிலிலிருந்து இறங்கி வீடு வரும்வரை அதையே யோசித்தேன். கட்டத்தின் மூன்றாவது தடை எது என்பது அந்தக் கட்டம் தொடங்கும்போதே திரையில் எழுதியிருக்கும். எனக்கு ரெண்டு கடை இடையில் இருந்தன. ஒரு ஜோக்கரை விற்றுவிட்டு, இனத்தைப் பார்க்காத வேறொன்றை வாங்கியிருக்கலாம். கையில் காசும் இருந்தது. நான் வாசிக்கவே இல்லை. இப்போதெல்லாம் புதுக் கட்டம் வந்ததும் முதலில் மூன்றாவது தடையைத்தான் பார்க்கிறேன். இப்படி ஒரு தோல்வி ஓர் ஆளுக்குப் பாடமாக முடிகிறதென்றால் அந்த விளையாட்டைச் செய்தவர் நேர்மையாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

போக்கர் கைகள் வருகின்றன, இது சூதாட்டம்தானே என்று வீட்டில் கேட்கலாம். ஒருமுறை வாங்கினால் அதோடு சரி. உள்ளே நிஜப் பணம் கட்டும் இடமே இல்லை, எதிராளியும் இல்லை. ஐரோப்பாவின் வயது வகைப்பாட்டு அமைப்பான பெகி, போக்கரைப் போல இருக்கிறதே என்று 2024இல் 18 வயது முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 வயதாகக் குறைத்தது. எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் ஜோக்கருக்கு ஒன்றிரண்டு வரிதான், பழகிவிடும். இணையம் வேண்டாம். பாதியில் ஸ்டேஷன் வந்துவிட்டால் மூடி வைத்துவிட்டு சாயங்காலம் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

ஸ்லே தி ஸ்பையர் இதைவிடக் கொஞ்சம் கனமானது. ஆந்தனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இரண்டு பேர் தொடங்கிய மெகா கிரிட் நிறுவனம் 2017 நவம்பரில் முன்னோட்டமாக விட்டு, 2019 ஜனவரியில் முழுதாக வெளியிட்டது. அதன் பிறகு வந்த இவ்வகை விளையாட்டுகளில் பல இதைப் பார்த்து வந்தவை. இங்கே சீட்டு என்றால் ஆஸ், ராஜா இல்லை. அடி, தடுப்பு என்று எழுதிய சீட்டுகள். கோபுரத்தில் ஏறிக்கொண்டே எதிரிகளோடு சண்டை போடுகிறீர்கள். முதல் பாத்திரமான ஐயன்கிளாடுக்குத் தொடக்கக் கட்டு 10 சீட்டுதான்: ஐந்து ஸ்ட்ரைக், நான்கு டிஃபெண்ட், ஒரு பேஷ்.

இதிலும் ஒரே ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். ஜா வோர்ம் என்ற புழு எதிரே நிற்கிறது. அதன் தலைக்கு மேல் 11 என்று எழுதியிருக்கிறது. இந்தச் சுற்றில் உங்களை 11 அடிக்கப் போகிறது என்று பொருள். எதிராளியின் அடுத்த நகர்வு முன்கூட்டியே தெரியும், இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கையில் பேஷ், ரெண்டு ஸ்ட்ரைக், ரெண்டு டிஃபெண்ட். செலவழிக்க 3 சக்தி. பேஷுக்கு 2, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. ஸ்ட்ரைக் 6 அடிக்கும், டிஃபெண்ட் 5 தடுக்கும், பேஷ் 8 அடித்துவிட்டு, இந்தச் சுற்றின் மீதியிலும் அடுத்த சுற்றிலும் எதிரி வாங்கும் அடியை ஒன்றரை மடங்காக்கும்.

பயந்தவர் ரெண்டு டிஃபெண்டும் ஒரு ஸ்ட்ரைக்கும் போடுவார்: 1 அடி வாங்கி, 6 அடி கொடுப்பார். ஆவேசக்காரர் பேஷும் ஸ்ட்ரைக்கும் போடுவார்: 8, அப்புறம் 6க்குப் பதில் 9, ஆக 17 கொடுத்து 11 வாங்குவார். மூன்றாவது வழி பேஷும் டிஃபெண்டும்: 8 கொடுத்து, 5 தடுத்து, 6 வாங்குவது. இந்தப் பாத்திரத்திடம் ஒவ்வொரு சண்டை முடிவிலும் 6 உயிர்ப்புள்ளி திரும்பத் தரும் ஒரு பொருள் உண்டு. ஆக அந்த 6 அடி சண்டை முடிந்ததும் ஆறிவிடும், அடுத்த சுற்றில் உங்கள் ஸ்ட்ரைக் எல்லாம் ஒன்பது ஒன்பதாக விழும். எது சரி என்பது அடுத்து என்ன சீட்டு வரும், அடுத்த சண்டை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. ஒரு சுற்றுக்குள் இவ்வளவு யோசனை. ரம்மியில் 13 சீட்டையும் விசிறி போலப் பிரித்து, எந்தச் சீட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று மாற்றி மாற்றி அடுக்குவீர்களே, அதே வேலைதான்.

ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் தப்பு, சண்டைக்குப் பிறகு காட்டும் சீட்டையெல்லாம் எடுத்துக்கொள்வது. முப்பது நாற்பது சீட்டு சேர்ந்துவிட்டால் வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்துக்கு வராது. "வேண்டாம்" என்று தாண்டிப் போகலாம். கடையில் காசு கொடுத்துச் சீட்டைக் கட்டிலிருந்து எடுத்தே விடலாம். முதல் முறை 75 தங்கம், அடுத்தடுத்து 25 கூடும். தொடக்கத்தில் கொடுத்த ஸ்ட்ரைக்கைக் காசு கொடுத்துக் கழிப்பது முதலில் மனசுக்கு வராது. ஆனால் ரம்மி ஆடுபவருக்குக் கழிப்பதன் அருமை தெரியும் என்பதால் நீங்கள் இதைச் சீக்கிரம் பிடித்துவிடுவீர்கள். போனில் எழுத்து கொஞ்சம் பொடிசு. டேப்லெட்டோ கணினியோ இருந்தால் அதில் ஆடுங்கள்.

எதிரே ஆள் வேண்டும் என்றால் மார்வெல் ஸ்னாப். 2022 அக்டோபரில் வந்தது. ஹார்த்ஸ்டோனை முன்பு வழிநடத்திய பென் ப்ரோட் ஆரம்பித்த செகண்ட் டின்னர் செய்தது. கட்டுக்கு 12 சீட்டுதான், 6 சுற்று, 3 இடங்கள். மூன்றில் இரண்டு இடத்தில் பலம் அதிகமுள்ளவர் ஜெயிப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சீட்டை வைப்பதால் காத்திருக்கும் வேலை இல்லை, மூன்று நான்கு நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

ரம்மிக்காரர் இதை உடனே புரிந்துகொள்வார், ஏனென்றால் இதன் மையமே ஸ்கூட், அதாவது கையைப் போட்டுவிட்டு விலகுவது. 101 புள்ளி ரம்மியில் கையைப் பார்த்ததும் ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை. நல்ல ஆட்டக்காரர் யார் என்பது எத்தனை முறை டிக் அடித்து ஜெயிக்கிறார் என்பதில் தெரியாது, எப்போது ஸ்கூட் விடுகிறார் என்பதில் தெரியும். ஸ்னாப்பிலும் அப்படித்தான். ஆட்டத்துக்குப் பந்தயம் 1 கட்டியில் தொடங்கும். இது தரவரிசைப் புள்ளி, காசு இல்லை. ஜெயிப்போம் என்று தோன்றினால் கட்டியைத் தொட்டு இரட்டிப்பாக்கலாம், எதிராளியும் ஒருமுறை இரட்டிப்பாக்கலாம், கடைசிச் சுற்றில் அதுவே ஒருமுறை இரட்டிக்கும். உச்சம் 8. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். தோற்கும் ஆட்டத்தில் 1 கொடுத்துவிட்டு எழுந்து, ஜெயிக்கும் ஆட்டத்தில் 4, 8 என்று வாங்குபவர், பாதிக்கு மேல் தோற்றாலும் மேலே ஏறிக்கொண்டே இருப்பார்.

எச்சரிக்கை என்று சொன்னேனே, அது இதுதான். இது இலவசம், புதுச் சீட்டுகள் மெதுவாகத்தான் கிடைக்கும், அவசரப்படுபவருக்குக் கடை திறந்தே இருக்கும். தோற்ற ஆட்டத்தைப் பார்க்கும் என் அளவுகோலில் இது பாதி தேறும், பாதி தேறாது. பணம் கட்டாமல், கிடைத்த சீட்டை வைத்து ஆடும் உறுதி இருந்தால் மட்டும் இறக்குங்கள்.

இதில் ஒன்றை மனசு விட்டுச் சொல்ல வேண்டும். பணம் வைத்து ரம்மி ஆடியவர்களுக்கு, சீட்டுப் பொட்டலம் பிரிக்கும் விளையாட்டுகள் ஆபத்தானவை. அடுத்த பொட்டலத்தில் அந்த அரிய சீட்டு இருக்கும் என்ற எதிர்பார்ப்பும், அடுத்த கையில் விட்டதைப் பிடிக்கலாம் என்ற எதிர்பார்ப்பும் ஒரே இடத்தில்தான் அரிக்கும். ஹார்த்ஸ்டோனில் லெஜண்டரி என்ற மிக அரிய சீட்டு ஒன்றை நாமே உருவாக்க, சீட்டை உடைத்தால் கிடைக்கும் 'தூசு' 1,600 வேண்டும். நம்மிடம் இருக்கும் லெஜண்டரியை உடைத்தால் 400தான் வரும். நான்கை உடைத்து ஒன்று. அந்தக் கணக்கைப் பார்த்தாலே யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். விட்டுவிட்டு வந்த ஒன்றை வேறு பெயரில் திரும்ப உள்ளே விட்டுவிடாதீர்கள். அதனால்தான் ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுகளை முதலில் வைத்தேன்.

ஹார்த்ஸ்டோனுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு உண்டு. 2019 நவம்பரில் சேர்த்த பேட்டில்கிரவுண்ட்ஸ். எட்டுப் பேர் ஒரே மேசையில்; எல்லாரும் ஒரே பொதுக் குவியலிலிருந்து எடுக்கிறார்கள், சேமிப்பு எதுவும் வேண்டாம். ஒரே சீட்டு மூன்று சேர்ந்தால் அது தங்கச் சீட்டாக மாறும். செட் சேர்க்கும் கைக்கு இது இதமாக இருக்கும். மேஜிக்கின் அரேனா செயலி ஆழமானது, 60 சீட்டுக் கட்டு, முப்பது வருஷத்துச் சட்டதிட்டம். ரயில் பயணத்துக்கு வேண்டாம்.

க்வெண்ட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். தொடக்கத்தில் கையில் 10 சீட்டு. அடுத்த இரண்டு சுற்றுக்கும் தலா மூன்று சீட்டுதான் வரும். மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டும். ஆக, முதல் சுற்றில் எதிராளியைச் சீட்டு செலவழிக்க விட்டுவிட்டு "பாஸ்" சொல்லி விலகுவதே பல நேரம் சரியான ஆட்டம். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவருக்கு இது தங்கச் சுரங்கம். செய்த சிடி ப்ராஜெக்ட் ரெட் 2023க்குப் பிறகு புதுச் சீட்டு விடுவதை நிறுத்திவிட்டது. சீட்டுகளின் பலத்தை ஏற்றி இறக்கும் பொறுப்பை ஆடுபவர்களின் வாக்குக்கே விட்டுவிட்டது. தாராளமாகச் சீட்டு கிடைக்கும், செலவு இல்லை.

இது இன்னொரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறது. சர்வரை நம்பி இருக்கும் விளையாட்டுக்கு ஆயுள் நம் கையில் இல்லை. ஆர்டிஃபாக்ட் என்று ஒன்று வந்தது, 2018 நவம்பரில். மேஜிக்கை உருவாக்கிய அதே கார்ஃபீல்ட் வடிவமைத்தது, வால்வ் வெளியிட்டது. இதைவிடப் பெரிய பெயர்கள் கிடையாது. வாங்க 20 டாலர், அதற்கு மேல் பொட்டலத்துக்கும் காசு. சில மாதத்தில் ஆட ஆளில்லாமல் போய், 2021 மார்ச்சில் வேலையையே நிறுத்திவிட்டார்கள். ரயட்டின் லெஜண்ட்ஸ் ஆஃப் ரன்டெர்ரா 2020இல் வந்து, மிகத் தாராளமான விளையாட்டு என்று பேர் வாங்கியது. 2024 தொடக்கத்தில் ஆட்களைக் குறைத்து, ஆளோடு ஆள் ஆடும் பகுதியிலிருந்து கவனத்தைத் திருப்பித் தனியாக ஆடும் பகுதியில் வைத்தார்கள். நானும் ஒரு விளையாட்டில் மூன்று வருஷம் சேர்த்த கட்டுகளை, சர்வர் மூடிய அன்று ஒரே ராத்திரியில் இழந்திருக்கிறேன். இணையமில்லாமல் ஓடும் விளையாட்டை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

கடைசியாக, வீட்டு ஆட்கள். 304 ஆடியவர் நீங்கள். போனில் எத்தனை நல்ல விளையாட்டு வந்தாலும், கூட்டாளி துருப்பு எதில் வைத்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் சுகம் தனி ஆட்டத்தில் வராது. அதற்கு போர்ட் கேம் அரேனா என்ற தளத்தைப் பாருங்கள். உலாவியிலேயே ஓடும், வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே மேசையில் உட்காரலாம். அதில் தி க்ரூ என்ற விளையாட்டைத் தேடுங்கள். 2019இல் ஜெர்மனியில் வந்தது, 2020இல் கென்னர்ஷ்பீல் என்ற ஜெர்மானிய மேசை விளையாட்டு விருதை வாங்கியது. நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை. அதோடு ராக்கெட் படம் போட்ட நான்கு சீட்டு, அவைதான் துருப்பு. போட்ட நிறத்தையே போட வேண்டும், இல்லையென்றால் வெட்டலாம். எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் எல்லாரும் ஒரே கட்சி. இந்தப் பச்சை ஆறை உங்கள் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்று விளையாட்டு சொல்லும், அதை எப்படியாவது அவரிடம் போய்ச் சேர வைக்க வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று வாயைத் திறக்கக் கூடாது. ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு சீட்டைக் காட்டி, இந்த நிறத்தில் இதுதான் பெரியது, சிறியது, அல்லது இது ஒன்றுதான் இருக்கிறது என்று மட்டும் குறிப்பு கொடுக்கலாம்.

அந்தத் தளத்தில் சில விளையாட்டுகளுக்கு மேசை போட ஒருவராவது சந்தா கட்டியிருக்க வேண்டும், மற்றவர்கள் இலவசமாகச் சேரலாம். மூன்று பேர் இருந்தால் தொடங்கிவிடலாம், நான்கு பேர் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு எல்லாரையும் போனில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முதல் பணியிலிருந்து ஆரம்பியுங்கள். மொத்தம் 50 பணிகள் உண்டு.